கண்காட்சிக்கு வந்த ஒற்றைச் சிமிக்கி

பூவலிங்கபுரத்து ஜமீன் அரண்மனையில் நகைக் கண்காட்சி திறந்த மூன்றாம் நாள், தையல்கடை முத்துவீரப்பன் உள்ளே போகும்போது வெறுங்கையோடு போனவர், வெளியே வரும்போது வலது கையில் சிவப்புக் கல் பதித்த இரண்டு கெட்டி வளையலோடு வந்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார். கண்ணாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். ஒரு குன்றிமணி குறையவில்லை, ஜமீன் நகையெல்லாம் தன் தன் இடத்தில் வெல்வெட்டில் சாய்ந்து மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. வரிசையில் நின்ற கிழவி ஒருத்தி வளையலை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏ முத்துவீரா, இது உன் தங்கச்சி வளையல்லா? உங்க அம்மை அவளுக்குன்னு வச்சிருந்ததை நீ வித்து மெஷின் வாங்கிட்டு, களவு போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னியே, அதானே இது?" என்றாள். முத்துவீரப்பன் போலீஸ்காரர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, வெயிலில் குனிந்த தலை நிமிராமல் கடைக்குப் போய்விட்டார்.

சோப்புப் போட்டார், விளக்கெண்ணெய் போட்டார், ஆசாரியிடம் போய்க் கையை நீட்டினார். ஆசாரியின் கத்திரி மழுங்கியதே தவிர வளையல் அசையவில்லை.

மறுநாள் ஏழு பேருக்கு ஒட்டியது, அதற்கு மறுநாள் முப்பது பேருக்கு. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் மூக்கில் அவருடைய தாயாரின் எட்டுக்கல் மூக்குத்தி ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மாளைப் பாடையில் ஏற்றுவதற்கு முன்னால், அக்காமார் அழுதுகொண்டிருந்த நேரம் பார்த்து அவர் கழற்றி மடியில் முடிந்துகொண்டது. கூட்டுறவுச் சங்கச் செயலாளர் விரலில், செத்துப்போன தம்பியின் பிள்ளைக்குப் போட்ட மோதிரம், சுண்டுவிரலின் நுனியில்கூட முழுசாக இறங்காமல் நின்றது. மாமியார் ஒருத்தி தன்னுடைய சங்கிலிக்கு மேலேயே மருமகளின் ரெட்டைவடம் தொங்க வெளியே வந்து, "இது எப்படி இங்க வந்துச்சு?" என்று மருமகளையே கேட்டாள். விற்றது, உருக்கியது, ஆற்றில் விழுந்தது என்று எந்தக் கணக்கும் அந்த நகைகளுக்கு இல்லை. எங்கே போயிருந்தாலும் பூவலிங்கபுரம் அரண்மனை வாசலுக்கு வழி தெரிந்து வந்துவிட்டன.

இப்படி இருந்தால் யார் கண்காட்சிக்கு வருவார் என்றுதானே நினைப்பீர்கள்? கூட்டம் கூடியது. ஏனென்றால் போகாதவனைத்தான் ஊர் முதலில் சந்தேகப்பட்டது. "என்னப்பா, இன்னும் நகை பாக்கப் போவலியா?" என்று டீக்கடையில் ஒரு கேள்வி வந்தால் போதும், மறுநாள் காலையிலேயே அந்த ஆள் வரிசையில் நிற்பான். முதல் வாரம் எல்லாரும் மறைத்தார்கள். சித்திரை வெயிலில் மப்ளர் கட்டிக்கொண்டு அலைந்தார்கள்; ஜவுளிக்கடையில் முழுக்கைச் சட்டை தீர்ந்துபோனது. இரண்டாவது வாரம் மரியாதைகள் பிறந்தன: பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மூக்கையோ காதையோ பார்க்கக் கூடாது, பந்தியில் பரிமாறும்போது வளையல் சத்தம் கேட்டால் கேட்காத மாதிரி இருக்க வேண்டும். மூன்றாவது வாரம் அதுவும் போய், குழாயடியில் "உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஒட்டிச்சு?" என்று, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அப்பாவை அரண்மனைக்கு ஒரு நடை கூட்டிப்போய் வந்தார்கள். அரண்மனைக் காப்பாட்சியர் தேவசகாயம் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். பார்வையாளர்கள் அணிந்து செல்லும் நகைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று ஒரு பலகை எழுதி மாட்டச் சொல்லிப் பதில் வந்தது. மாட்டினார்.

கழற்றுகிற வழியையும் ஊரே கண்டுபிடித்தது. முத்துவீரப்பன் சுரண்டையில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று, "நான்தான் எடுத்தேன்" என்று சொன்ன மாத்திரத்தில் வளையல் இரண்டும் அவர் கையிலிருந்து கழன்று அவள் கையில் ஏறிக்கொண்டது. அவள் அழுதாள், விளக்குமாற்றை எடுத்து நாலு சாத்துச் சாத்தினாள், பிறகு சோறு போட்டாள். ஆக, எடுத்தவர் மேல் ஒட்டும், சொன்னால் உடையவரிடம் போய்ச் சேரும் என்று ஊர் தீர்மானம் செய்துகொண்டது. அது சரிதானா என்று யாரும் இரண்டாம் தடவை யோசித்துப் பார்க்கவில்லை.

இவ்வளவு நடந்தும் ஒட்டாத ஆள் ஒருத்தி இருந்தாள். அவள் செண்பகவல்லி, கண்காட்சியில் விளக்கம் சொல்கிறவள், ஐம்பத்திரண்டு வயது. காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும் கையில் ஒரு மெல்லிய குச்சியோடு அந்தப் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வருவாள். "இது ராணி சௌந்தர நாச்சியார் பாரிஸ் பட்டணத்துக்காரனை வரவழைச்சு, தன் கழுத்தை அளவெடுக்கச் சொல்லிச் செஞ்ச வைர அட்டிகை. இதைப் போட்டுக்கிட்டு மதராஸ் குதிரைப் பந்தயத்துக்குப் போனா, ஓடுற குதிரையை யாரும் பாக்க மாட்டாங்களாம். இது நாடக மேடையில ராஜாத்தியா நின்ன கனகதாரா, நிஜ ராஜா ஒருத்தர் மேல கோபத்துல கழட்டி வீசுன ஒட்டியாணம். இது சின்ன ராணி நீச்சக்குளத்துலயும் கழட்டாத மரகத மோதிரம்." சுவரில் அந்தச் சீமாட்டிகள் தோள் தெரிய, தாடையை ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு, படம் எடுத்தவனையே ஏவலாளாக நினைத்துப் பார்க்கிற மாதிரி நின்றார்கள். அந்த மரகதம் யார் கையில் முதலில் இருந்தது, அந்த வைரத்துக்காக எந்த ஊர் எத்தனை வருஷம் வரி கட்டியது என்கிற வரியெல்லாம் தேவசகாயம் கொடுத்த குறிப்பில் கிடையாது. இவளும் சொன்னதில்லை.

நாளுக்கு நாற்பது தடவை நடந்தும் அவள் மேல் ஒன்றும் ஒட்டவில்லை. பூவலிங்கபுரம் சும்மா விடுமா? "ஊர்ல ஒரே ஒரு சுத்தமான மனுஷி" என்று பேசத் தொடங்கினார்கள். தாலிக்குப் பொன் உருக்கும்போது அவளைக் கூப்பிட்டு முதலில் தொட வைத்தார்கள். பிள்ளைக்குக் காது குத்த அவள் மடியில்தான் உட்கார்த்த வேண்டும் என்று இரண்டு குடும்பம் சண்டை போட்டுக்கொண்டது. மூக்குத்தி கழலாத தலைமையாசிரியர்கூட அவள் எதிரே வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

செண்பகவல்லிக்கு அந்த ஒவ்வொரு கும்பிடும் முதுகில் சூடு வைத்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசியில், அவளுக்குக் கல்யாணம். அந்தப் பக்கத்து வழக்கப்படி பாதி நகை இரவல். இரவல் நகை இல்லாமல் மணவறை ஏறிய பெண் அந்த ஊரிலேயே கிடையாது, ராணி சௌந்தர நாச்சியாரைத் தவிர. முத்துச் சிமிக்கி அரிசி மில் வீட்டு இரவல். தலை பின்னி, சவுரி முடி வைத்து, பூத்தைத்து, காதிலிருந்து மாட்டலை இழுத்துக் கூந்தலில் கோர்த்துவிட்டவள் உலகம்மாள். அடுத்த தெரு, கூடப் படித்தவள், உயிர்த்தோழி. சாயங்காலம் நகையைக் கழற்றும்போது ஒரு காதில் திருகாணி இருக்கிறது, சிமிக்கி இல்லை. காதுகிட்டக் கை வைத்தவள் அவள் ஒருத்திதானே என்று யாரோ சொன்னார்கள். சொன்னது யாரென்றுகூட யாருக்கும் நினைவில்லை. உலகம்மாளின் டிரங்குப் பெட்டியைத் தெருவில் கொட்டினார்கள், பாவாடை பாடி எல்லாம் ஆண்கள் காலடியில் கிடந்தது. அப்புறம் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். அவள் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்தாள். "பாத்தியா, கற்பூரத்தையே அணைக்கிற நெஞ்சழுத்தம்" என்றது ஊர். உலகம்மாளுக்கு நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்க ஆரம்பித்தார்கள். செண்பகவல்லியின் அப்பா மில் வீட்டுக்குப் புது ஜோடி செய்து கொடுத்தார். தொலைந்தது இவர்கள் பொருள் என்று ஆனது.

ஆடிச் சீருக்குத் தாய் வீடு வந்தவள் பெட்டியைத் திறந்து சவுரியை உதறினாள். சிமிக்கி உள்ளே இருந்தது. மாட்டல் இழுத்த இழுப்பில் கழன்று, சவுரி மயிருக்குள் சிக்கி, இரண்டு மாதமாக அங்கேயே கிடந்திருக்கிறது. அப்போதே கத்தியிருக்க வேண்டும். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். ஒரு பெண்ணின் பெட்டியைத் தெருவில் கொட்டிவிட்டு, இப்போது எங்கள் வீட்டிலேதான் இருந்தது என்று எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று மறுபடி சவுரியோடு சுருட்டி வைத்தாள். நாளைக்கு வாந்தி, பிள்ளை உண்டாகியிருந்தாள். அப்புறம் அம்மாவுக்கு உடம்புக்கு ஆகவில்லை, அப்புறம் அப்பா போய்விட்டார், அப்புறம் உலகம்மாள் வீட்டார்தான் ஊரைவிட்டே போய்விட்டார்களே, இனி யாரிடம் சொல்ல. இப்படியே முப்பத்தொரு வருஷம். சவுரி இப்போது அவள் வீட்டுப் பரணில் இருந்தது.

கண்காட்சியில் முதல் ஆளுக்கு ஒட்டிய நாளிலிருந்து அவள் தினமும் காலையில் கண்ணாடியில் காதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினாள். இன்றைக்கு ஒட்டிவிடும், இன்றைக்கு ஊர் காறித் துப்பும் என்று பயந்து பயந்து, ஒட்டாத ஒவ்வொரு சாயங்காலமும் மூச்சு விட்டு, அந்த மூச்சு விட்டதற்காகத் தன்னையே வைதுகொண்டு நடந்தாள்.

ஒரு புதன்கிழமை கடையநல்லூர்ப் பக்கமிருந்து பீடி சுற்றும் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பதினெட்டுப் பேர். கடைசியாக இறங்கியவளைச் செண்பகவல்லி நடையை வைத்தே அடையாளம் கண்டாள். தலை முழுக்க நரைத்திருந்தது, கழுத்தில் ஒன்றுமில்லை, காது ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் வேப்பங்குச்சி. அரண்மனைத் தூணைப் பிடித்துப் படியேறிவிட்டு எடுத்த வலது உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது.

இன்றைக்கு ஒட்டும் என்று செண்பகவல்லிக்கு நிச்சயமாகத் தெரிந்தது.  ராணி அட்டிகைக்கு நடிகை கதையைச் சொன்னாள், ஒட்டியாணத்துக்கு நீச்சல்குளத்தைச் சொன்னாள். ஒட்டட்டும், எல்லார் முன்னாலும் என் காதிலேயே வந்து தொங்கட்டும், நான் வாயைத் திறக்காமலே தீர்ந்துபோகட்டும் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. பாருங்கள், அப்போதும் வாயைத் திறக்காமல்தான்!

வெளிவாசலில் சத்தம் கேட்டது. அவள் தன் காதைத் தடவினாள். ஒன்றுமில்லை. வாசலுக்கு ஓடினாள். உலகம்மாளின் இடது காதில், வேப்பங்குச்சி இருந்த இடத்தில், அந்த முத்துச் சிமிக்கி ஆடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கே சொன்னோம்லா!" என்றாள் ஒரு கிழவி. "ஏட்டி, இது உலகு. கற்பூரத்தை அணைச்சவ. முப்பது வருஷம் கழிச்சு அம்மன் காட்டிக் குடுத்துட்டாளே!" கூட்டம் மொய்த்துக்கொண்டது. வேனில் வந்த பெண்கள் ஒவ்வொருவராக அவளைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். "செண்பகம் மைனி, நீங்களே பாத்துச் சொல்லுங்க. இது உங்க கல்யாணச் சிமிக்கிதானே?" என்றது கூட்டம்.

சுத்தமான மனுஷி என்ன சொல்லப்போகிறாள் என்று அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியது.

"ஆமா" என்றாள் செண்பகவல்லி. "அதேதான்."



உலகம்மாள் காதைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை, வாதாடவில்லை. "எனக்கு இது வரும்னு தெரியும் செண்பகம்" என்றாள். "எடுக்கலன்னுதான் சத்தியம் பண்ணினேன். ஆனா பீடி சுத்தும்போதெல்லாம் யோசிப்பேன். சடை பின்னும்போது என் கை பட்டுக் கழண்டுச்சோ, மடியில விழுந்ததைப் பாக்காம எங்கயும் உதறிட்டேனோ, இல்ல, எடுத்துட்டு மறந்துதான் போயிட்டேனோன்னு. ஊரே சொன்னா பொய்யாவா இருக்கும்? உன் கல்யாணத்தன்னைக்கு உன்னைக் கலங்க வச்சுட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் வெக்கமா இருக்கு. என்னை மன்னிச்சிரு தாயே."

 முப்பத்தொரு வருஷமாக வெட்கம், வெட்கம் என்று தான் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் பயம் என்று அப்போது செண்பகவல்லிக்குப் புரிந்தது. வெட்கத்தையெல்லாம் இவள் ஒருத்தி சுமந்திருக்கிறாள். தான் செய்யாததற்கு. நகை எடுத்தவரைப் பார்த்து ஒட்டவில்லை, வெட்கத்தைப் பார்த்துத்தான் ஒட்டியிருக்கிறது.

"நீ எடுக்கல!" என்று கத்தினாள். அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. "கேளுங்க, எல்லாரும் கேளுங்க. இவ எடுக்கல. என் சவுரிக்குள்ள இருந்துச்சு. நான்தான் கண்டுபிடிச்சேன். கண்டுபிடிச்சு ஒளிச்சு வச்சேன். நான்தான் களவாணி, நான்தான் பாவி."

சொல்லி முடிப்பதற்குள் சிமிக்கி உலகம்மாளின் காதிலிருந்து கழன்று செண்பகவல்லியின் காதில் வந்து பிடித்துக்கொண்டது. கம்மலுக்குக் கீழே ஒரு அம்மிக்குழவியைக் கட்டித் தொங்கவிட்டது போல் இழுத்தது.

 பிறகு அந்தக் கிழவி இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தாள். "பாத்தியளா? உடையவ காதுக்கே வந்து சேந்துட்டு!"

"இல்ல பெரியம்மை, அது வந்து—"

"என்ன மனசு பாரு! திருடுனவ பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதா!"

"முத்துவீரப்பன் வளையல் தங்கச்சிக்குப் போன மாதிரியே போச்சு பாருங்க!"

"நான் சொல்லுதது நிஜம்! என் வீட்டுப் பரண்ல சவுரி இருக்கு, போய்ப் பாருங்க!" நாலு பேர் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சவுரிதான் இருந்தது, சிமிக்கி எப்படி இருக்கும், அதுதான் இவள் காதில் தொங்குகிறதே. செண்பகவல்லி அதைப் பிடித்து இழுத்தாள், திருகினாள், காதுமடல் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது, சிமிக்கி அசையவில்லை. உடையவளிடம் போன நகை உடையவள் நினைத்தால் கழலும், இது கழலவில்லையே, அதையாவது பாருங்களேன் என்று கதறினாள். "வந்த லட்சுமியை எதுக்கு மைனி கழட்டுதிய?" என்று ஒருத்தி தன் முந்தானையால் அந்த ரத்தத்தைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தேவசகாயம் நாற்காலி கொண்டுவந்து போட்டார். காலில் விழ வரிசை நின்றது.

உலகம்மாள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். "சவுரிக்குள்ளயா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எப்போ பாத்த?"

"ஆடியில."

உலகம்மாள் விரல் மடக்கினாள். பீடி இலை சுருட்டிச் சுருட்டிக் கறுத்த விரல். "ஆடியில நாங்க இங்கனதான் இருந்தோம் செண்பகம். அந்த மாப்பிள்ளை ஆவணி வரைக்கும் பொறுத்துப் பாத்தாரு, ஏதாவது தெரிய வரும்னு. ஆவணி கடைசியிலதான் வேற இடத்துல கட்டுனாரு. அதுக்குப் பொறவுதான் நாங்க வீட்டைக் காலி பண்ணினோம்." மடக்கிய விரல்களை விரித்தாள். "ஒரு தெரு தாண்டித்தானே இருந்தேன்."

செண்பகவல்லி அவள் காலைப் பிடிக்கக் குனிந்தாள். உலகம்மாள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"என் கால் வேண்டாம். எனக்குத் தெரிஞ்சு போச்சு, எனக்குப் போதும். இவங்களுக்குத் தெரியணும்லா? எங்க அம்மை இதைக் கேக்காமலே செத்தா. இந்த ஊர்ல நான் இன்னும் களவாணிதான்."

"சொல்லிட்டேனே உலகு. நம்ப மாட்டேங்காங்களே."

"நான் சத்தியம் பண்ணும்போதும் நம்பல." வேன்காரர் ஹாரன் அடித்தார். உலகம்மாள் படியிறங்கினாள். "நம்புற வரைக்கும் சொல்லு."

வேனில் அவளுக்குப் பக்கத்து ஸீட் காலியாகவே போனது.

மறுநாள் காலை செண்பகவல்லி வேலைக்குப் போகவில்லை. மேலத்தெரு முதல் வீட்டிலிருந்து ஆரம்பிப்பது, ஊரில் ஒரு வீடு விடாமல் சொல்வது, விட்டால் திரும்ப முதலிலிருந்து சொல்வது என்று கிளம்பினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் நடக்க முடிந்தது, அவ்வளவு பாரம். முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த பெண் இவளைப் பார்த்ததும் திரும்பி உள்ளே பார்த்துக் கூப்பாடு போட்டாள். "ஏங்க, சீக்கிரம் வாங்க, செண்பகம் மைனி நம்ம வீட்டுக்கு வந்திருக்காவ!" பிறகு ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துவந்து, வாசலில் மண்டிபோட்டு உட்கார்ந்து, இவள் வாயைத் திறப்பதற்குள் இவள் கால்களைக் கழுவத் தொடங்கினாள்.